கை சுத்தமானவர்கள்

எங்கள் ஊரில் உயிரை எடுத்த கையில் பூமுடி முளைக்க ஆரம்பித்தது ஐப்பசி மாதத்தில் மழை விட்ட ஒரு வியாழக்கிழமை. ஹேச்சரியில் குஞ்சு இறங்குகிற நாள் அது. நாங்கள் ஒன்பது பெண்கள் மேசையைச் சுற்றி நின்று பெட்டை வேறு சேவல் வேறாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது பாப்பாயி அக்கா இடது கையை விரித்து டியூப் லைட்டுக்கு நேராகக் காட்டி, "ஏம்புள்ளைகளா, என்ற கையில குஞ்சு ஒட்டிக்கிச்சா, இல்ல கையே குஞ்சாப் போச்சா?" என்று கேட்டாள்.

பார்த்தால் உள்ளங்கை முழுக்க மஞ்சள் நிறத்தில் பூமுடி. ஒரு நாள் வயசுக் குஞ்சின் மேல் இருக்குமே, ஊதினால் பறக்கிற மாதிரி, அதே முடி. நாங்களும் கையை விரித்தோம். எல்லோருக்கும் இருந்தது. எனக்குக் கொஞ்சம் கம்மி, நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம்தான். பாப்பாயி அக்காவுக்கு மணிக்கட்டு தாண்டிப் போயிருந்தது, அவள் பதினாலு வருஷம்.

எங்கள் வேலை என்னவென்றால், எந்திரத்தில் இருபத்தோரு நாள் அடை வைத்த முட்டை பொரிந்து வந்ததும் குஞ்சின் இறக்கையை விசிறி மாதிரி விரித்துப் பார்க்க வேண்டும், முடி நீளமும் குட்டையுமாக இருந்தால் பெட்டை, எல்லாம் ஒரே நீளம் என்றால் சேவல், பெட்டை பெட்டிக்குள் போய் அங்கிருந்து முட்டைப் பண்ணைக்குப் போகும், சேவல் முட்டையும் போடாது கறிக்கும் தேறாது என்பதால் முதுகுக்குப் பின்னால் இருக்கிற நீல டிரம்முக்குப் போகும், டிரம் நிறைந்ததும் மூடியைப் போட்டு அமுக்கி விடுவதும் நாங்கள்தான். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. சீரியலைப் பற்றிப் பேசுவோம்.

அந்த வாரம் முடிவதற்குள் ஊர் முழுக்க முளைத்துவிட்டது. கறிக்கடை பாய்க்கு வெள்ளையும் கறுப்புமாக வெள்ளாட்டு முடி. பருத்திக் காட்டில் மருந்தடிக்கிறவர்களுக்கு என்ன பூச்சியின் முடியோ தெரியாது, சாம்பல் நிறத்தில் முழங்கை வரைக்கும் ஸ்வெட்டர் போட்ட மாதிரி, வர்ற மார்கழிக் குளிருக்கு நல்லா இருக்குமுங்க என்று அவர்களே சொன்னார்கள். கொசு அடித்ததற்கெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றிரண்டு, யாரும் சட்டை செய்யவில்லை. மனுஷ உயிரை எடுத்த கைக்கு மட்டும் கறுப்பு முடி, பிறந்த குழந்தையின் தலையில் இருக்கிற மாதிரி மெல்லிசாக. கறுப்பு முடி இருந்தவர்கள் யார் யார் என்று ஊருக்கே தெரிந்துபோனது. ஆஸ்பத்திரி டாக்டர் கையைப் பையிலிருந்து எடுப்பதை நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் கையுறை போட்டுக்கொண்டு வந்தார், மறுநாள் ஸ்டேஷனே கையுறை போட்டுக்கொண்டது. மேலத்தெருவில் வயசான பொம்பளைகள் நாலு பேர் யாரைக் கண்டாலும் கும்பிடுவதை விட்டுவிட்டார்கள், பேத்தியைத் தூக்கக் கொடு என்று கேட்பதையும் விட்டுவிட்டார்கள், ஏன் என்று எந்த மருமகளும் கேட்கவில்லை.

பத்து நாள் பயந்தோம். அப்புறம் பழகிவிட்டது, எங்கள் ஊருக்கு எதுதான் பழகவில்லை. சலூனில் கைக்குத் தனியாக ஒரு நாற்காலி போட்டார்கள். ரேஷன் கடையில் கட்டைவிரல் ரேகை எந்திரத்தில் விழாமல் அரிசி நின்றுபோனதும், வரிசையில் நிற்கிற ஆள் எல்லாம் ஆளுக்கொரு பிளேடு கொண்டுவந்து கட்டைவிரலை மட்டும் சிரைத்துக்கொண்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் "பாட்டு வருமா" என்று கேட்டது போய் "கையைக் காட்டும்மா" என்று கேட்டார்கள். குழந்தை முதல் எறும்பை நசுக்கி முதல் முடி முளைத்தால் பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரை கொடுக்கிற வழக்கம்கூட ஒன்று வந்தது, ஆறே வாரத்தில் அது காலங்காலமாக இருக்கிற வழக்கம் என்று சண்டை போடவும் ஆள் வந்தது. சென்னையிலிருந்து அதிகாரிகள் வந்து கவரில் முடி எடுத்துக்கொண்டு போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

எங்கள் முதலாளிக்கு ஒரு முடி கிடையாது. மூன்று ஹேச்சரி வைத்திருக்கிற மனுஷன், வாரத்துக்கு எத்தனை டிரம் நிறைகிறது என்று எங்களைவிட அவருக்குத்தான் தெரியும், ஆனால் கை மட்டும் சோப்பு விளம்பரத்துக் கை மாதிரி வழவழவென்று இருந்தது, ஏனென்றால் அந்தக் கையால் அவர் ஒரு குஞ்சைத் தொட்டதே இல்லை. பூமுடிக்குக் கையைத்தான் தெரியும், வாயைத் தெரியாது. அந்த வருஷம் கார்த்திகைக்குக் கோயிலில் சுத்தமான கை வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டுத்தான் தீபம் ஏற்றச் சொன்னார்கள். அவரும் ஏற்றினார், கூச்சமே இல்லாமல்.

இப்படி இருக்கும்போதுதான் உயிர்க்காவல் படை எங்கள் ஊருக்கு வந்தது. படை என்றால் இரண்டு பேர், ஒரு கார். நிகிலேஷ் என்று ஒருவர், சுருட்டை முடி, கதர்ச் சட்டை, பேசும்போது எதிரில் இருக்கிறவரைத் தாண்டிப் பின்னால் ஒரு கூட்டம் நிற்கிற மாதிரி பார்ப்பார். சம்யுக்தா என்று ஒரு பெண், என் வயசுதான் இருக்கும், பால்கூடக் குடிக்காது, நடக்கும்போது எறும்பு பார்த்துக் காலை வைக்கும். எங்கள் வீட்டை ஒட்டின மாடியை வாடகைக்குப் பிடித்தார்கள். எங்கள் கையில் முளைத்ததைப் பார்த்து அவர்கள் ஆச்சரியப்படவில்லை, சந்தோஷப்பட்டார்கள். "பாத்தியா சம்யு, கொலைகாரங்களை இயற்கையே அடையாளம் காட்டுது" என்று நிகிலேஷ் சொல்லிச் சொல்லி எங்கள் கையைப் போட்டோ எடுத்து ஃபோனில் போட்டார். என் கையும் அதில் இருந்ததாம். லாரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் அஸ்ஸாமில் ஏதோ டீக்கடையில் அதைப் பார்த்துவிட்டு, "வளையல் உன்றது மாதிரியே இருக்குதேன்னு பாத்தேன்" என்று போன் பண்ணினார்.

பாப்பாயி அக்கா சும்மா விடவில்லை. டீக்கடையில் நிகிலேஷைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங் தம்பி, கொலைகாரின்னு எழுதிப் போட்டிருக்கறீங்களாமா?"

"நான் உண்மையைத்தான் எழுதினேன்."

"சரீங், எழுதுங்க. போட்டோவுல மூஞ்சியும் சேத்துப் போட்டிருக்கலாமுங்க. பதினாலு வருசத்துல ஒருத்தரும் என்னைய போட்டோ எடுத்ததில்ல."

டீக்கடையே சிரித்தது. நிகிலேஷ் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெரியாதவர் கையில் தீப்பெட்டி இருக்கக் கூடாது என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

நான் அதிகம் பேசுகிறவள் கிடையாது. ஆறாவது வரைக்கும் படித்தேன், அங்கேயும் டீச்சர் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன்" என்பது பக்கத்தில் இருக்கிறவளுக்கு மட்டும்தான் கேட்கும். எட்டு மாசப் பாப்பா ஒன்று, தன்ஷிகா என்று பெயர், வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் ஹேச்சரியில் பெட்டி மடிக்கிற அறையில் சேலைத் தூளி கட்டிப் போட்டுவிட்டு வேலை பார்ப்பேன். சாயங்காலம் நான் துணி காயப்போடுகிற கொடிக்கும் அவர்கள் மாடிப்படிக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. நான் நின்றாலும் அவர்கள் பேச்சை நிறுத்த மாட்டார்கள். கொடியில் கிடக்கிற துணியோடு துணியாக என்னையும் நினைத்துக்கொண்டார்கள் போல.

"மெழுகுவத்தி பிடிச்சோம், கையெழுத்து வாங்கினோம், எவனாவது திரும்பிப் பாத்தானா?" என்று நிகிலேஷ் சொல்வார். "ஒரு ஹேச்சரி எரியட்டும், ஒன்பது ஹேச்சரிக்காரன் தானா மூடுவான்."

"அடிச்சு நிறுத்தினா, அடிக்கறதை நிறுத்தினதாகுமா?" என்று சம்யுக்தா கேட்கும்.

"சுவரை எரிக்கறது வன்முறை இல்ல சம்யு. சுவருக்கு வலிக்காது."

"சுவருக்குள்ள?"

"சரி, உனக்கு எத்தனை பேரு செத்தா போதும்? இந்த நிமிஷம் அங்க டிரம்முல எத்தனை மூச்சு நிக்குதுன்னு தெரியுமா? நீ யோசிக்கற ஒவ்வொரு நாளும் உன் கணக்குலதான் போகுது."

இதைச் சொன்னால் அந்தப் பெண் அழுதுவிடும். அதற்குத்தான் அவரும் சொல்வார். ஒரு மாதமாக இப்படித்தான், அவர் மாடிப்படியில் உட்கார்ந்து வாயால் எரித்துக்கொண்டே இருந்தார், குடிகாரன் வெட்டுவேன் குத்துவேன் என்பதைக் கேட்கிற மாதிரி நானும் கேட்டுக்கொண்டு துணி காயப்போட்டேன்.

மார்கழி கடைசியில் ஒரு நாள், "மாட்டுப் பொங்கலன்னைக்கு" என்றார். "அன்னைக்கு எந்தக் கம்பெனி ஓடும்? ஆளும் இருக்காது, குஞ்சும் இருக்காது. வெறும் எந்திரம்."

"நிச்சயமா? அங்க வேலை பாக்கறவங்க யார்கிட்டயாவது கேட்டீங்களா?" சம்யுக்தா என்னைப் பார்த்தது. "அவங்ககிட்டயே கேக்கலாமே."

"கொலைகாரங்ககிட்ட போய் லீவு என்னைக்குன்னு கேக்கச் சொல்றியா? அதுவும் அந்தப் பொண்ணுக்கு வாயே வராது. நான் விசாரிச்சாச்சு."

அவர் விசாரிக்கவில்லை. மார்கழி பத்தாம் தேதி அடை வைத்த முட்டைக்கு இருபத்தோராம் நாள் மாட்டுப் பொங்கலில்தான் வருகிறது, முட்டைக்குப் பொங்கலும் தெரியாது தீபாவளியும் தெரியாது, அது பொரிகிற அன்றைக்குப் பொரியும். கோழிக்காக உயிரையும் கொடுப்பேன் என்கிற மனுஷனுக்கு முட்டை எத்தனை நாளில் பொரியும் என்று தெரியவில்லை. அன்னைக்குக் குஞ்சு இறங்குதுங்க, நாங்க எல்லாரும் இருப்போமுங்க என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஒரு பாவாடையை இரண்டாவது தரம் பிழிந்தேன். அவர் சொன்னது சரிதான், எனக்கு வாய் வரவில்லை.

மாட்டுப் பொங்கல் அன்று காலையில் மேனேஜர் எங்களை உள்ளே விட்டு ஷட்டரை வெளியே பூட்டினார், பண்டிகை நாளில் பொம்பளைகள் நடுவில் ஓடிவிடுவார்கள், பூட்டு என்று முதலாளி சொன்னதால் பூட்டினார், பூட்டிவிட்டு மாட்டுக்குக் கொம்பு சீவப் போய்விட்டார். பன்னிரண்டு மணிக்குப் பின்சுவரை ஒட்டின ஜெனரேட்டர் கொட்டகையில் டீசல் எரிந்தது. உள்ளே எங்களுக்கு முதலில் வெக்கைதான் தெரிந்தது, அப்புறம் புகை, அப்புறம் பதினெட்டாயிரம் குஞ்சும் ஒரே நேரத்தில் கத்துகிற சத்தம்.

குஞ்சுப் பெட்டியை வண்டிக்கு நீட்டுகிற சந்து ஒன்று சுவரில் உண்டு, பெட்டி அகலம்தான் இருக்கும். பாப்பா பின்னறைத் தூளியில். அந்தப் பக்கம் ஓடின என்னைப் பாப்பாயி அக்கா முடியைப் பிடித்து இழுத்து, "ஒல்லியா இருக்கறவ நீதான், வெளிய போயி ஷட்டரைத் தொற, உன்ற புள்ளைய நான் எடுத்தாறேன்" என்று சந்துக்குள் தலைகீழாகத் தள்ளினாள். நான் வெளியே விழுந்து, ஓடி, கல்லை எடுத்துப் பூட்டை அடித்தேன், அடித்தேன், அது முதலாளி வாங்கிய பூட்டு, நல்ல பூட்டு. மற்ற ஏழு பேரும் சந்து வழியாக உரசிக் கிழிந்து வெளியே வந்தார்கள். கடைசியாக அந்தச் சந்தில் என் பாப்பா வந்தது, ஈரத்துணியில் சுற்றி, பெட்டி மாதிரியே.

"இந்தா புள்ள, உன்ற பண்டத்தைப் பிடி" என்றாள் அக்கா.

பிடித்தேன். பாப்பா இருமியது, அழுதது. அக்காவுக்குத் தோள் நுழையவில்லை. ஒரு தோள் வந்தால் இன்னொன்று வரவில்லை. மஞ்சள் முடி மூடிய அவள் இரண்டு கையையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம், "மெதுவாடி, கையி மட்டும் உங்களோட வந்துரப் போகுது" என்று அவள் உள்ளேயிருந்து சொன்னதுதான் கடைசி.

சம்யுக்தா அந்தப் பக்க வேலியோரம் காலி கேனோடு நின்றிருந்தது. குஞ்சுச் சத்தம் குறையக் குறைய அதன் கையில் மஞ்சள் முடி ஏறியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள்பட்டை. பதினாலு வருஷம் டிரம் அமுக்கின அக்காவுக்கே மணிக்கட்டு தாண்டித்தான் இருந்தது. எங்கள் பிடியில் அக்காவின் கை தொய்ந்தபோது அந்தப் பெண்ணின் வலது உள்ளங்கை நடுவில் கறுப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. அது கேனைக் கீழே வைத்துவிட்டு, "உள்ள யாரும் இருக்க மாட்டாங்கன்னு சொன்னாரு" என்றது. யாரிடம் சொன்னதென்று தெரியவில்லை. அப்புறம் நடந்தே ஸ்டேஷனுக்குப் போனது, கையை மறைக்காமல்.

அன்றைக்குக் கொம்பு சீவிக்கொண்டிருந்த மேனேஜருக்கும் கட்டைவிரலில் ஒரு கறுப்பு முடி முளைத்தது. பூட்டினவருக்கு முளைத்தது, பூட்டச் சொன்னவருக்கு இல்லை. ஊற்றினவளுக்கு முளைத்தது, ஊற்றச் சொன்னவருக்கு இல்லை. நிகிலேஷ் டிவியில் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "பாருங்க, ஒரு முடி இல்ல. எங்க அமைப்பு வன்முறையை ஏத்துக்கறதில்ல, அந்தப் பொண்ணு தன்னிச்சையா செஞ்ச காரியம் இது" என்றார். கையைப் பார்த்தே ஆளை எடைபோடப் பழகின எங்கள் ஊர், ஆமாம், சுத்தமாத்தான் இருக்குது என்றது. மறுநாள் முதலாளியும் கையை விரித்துக் காட்டினார். அதுவும் சுத்தமாகத்தான் இருந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி, இரண்டு சுத்தமான கைகளையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, அவர்களுக்கு டீயும் எங்களுக்கு நிற்க இடமும் கொடுத்தார்.

பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். பேசினதில், இருவரும் ஒரே மாதிரி ஆட்கள் என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது போல. இரண்டு மாதத்தில் ஹேச்சரி மறுபடி எழுந்தது, கூடவே வெளிநாட்டிலிருந்து ஒரு எந்திரம் வந்தது. கை படாத எந்திரம் என்று பெயர். குஞ்சு பெல்ட்டில் போகும், கேமரா இறக்கையைப் பார்க்கும், பெட்டை இந்தப் பக்கம், சேவல் அந்தப் பக்கம், அந்தப் பக்கத்தில் என்ன ஆகிறது என்பது மூடிக்குள் நடக்கும், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும், வலிக்காது. இது உயிர்களின் வெற்றி என்று நிகிலேஷ் எழுதினார். திறப்பு விழா பேனரில் முதலாளியும் அவரும் கும்பிட்டபடி சிரித்தார்கள். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பாப்பாயி அக்காவுக்கு அதே பேனரின் மூலையில் ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிசாக்கிப் போட்டிருந்தார்கள்.

எந்திரத்துக்கு ஒரே ஒரு ஆள் போதும், பச்சைப் பொத்தானை அமுக்க. முதலாளி என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏங்கண்ணு கோகிலா, மத்த ஏழு பேத்துக்கும் வேலை இல்லீன்னு ஆயிப்போச்சு, உனக்கு மட்டும் இருக்குது. புள்ளைக்குத் தனி ரூம், ஃபேன், வாசல்ல பூட்டே கெடையாது. பொத்தானை அமுத்தறது ஒரு வேலையா? வெரலு வெச்சாப் போதும்."

எனக்கு அந்த வேலை வேண்டும். வீட்டுக்காரர் போன தை கடைசியில் போனவர், போன் மட்டும்தான் வருகிறது. பாப்பா புகை குடித்ததிலிருந்து இழுப்பு, மருந்து வாங்க வேண்டும். சரிங்க என்று தலையாட்டினேன்.

விழா அன்று சாமியானா, நாற்காலி, மைக் எல்லாம் இருந்தது. மேடையில் சப்-கலெக்டர் அம்மா, முதலாளி, நிகிலேஷ், எந்திரக் கம்பெனிக்காரர், ஐயர். பெல்ட்டின் மேல் அன்று பொரிந்த குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பொத்தான் பக்கத்தில் நின்றேன். நிகிலேஷ் மைக்கில், "இனிமே எந்தக் கையிலும் ரத்தம் இல்லை" என்றார். கைதட்டினார்கள். "அமுத்துங்க சிஸ்டர்."

விரலைக் கொண்டு போனேன். அதைத் தொடுவதற்கு முன்னாலேயே விரல் நுனி அரித்தது, முடி முளைப்பதற்கு முன் வருகிற அரிப்பு, எங்கள் ஒன்பது பேருக்கும் தெரிந்த அரிப்பு. பூமுடிக்குப் பொத்தானும் கைதான். விரலை எடுத்துக்கொண்டேன்.

"என்ன சிஸ்டர்?"

மைக் பக்கத்தில் இருந்ததால் நான் சொன்னது ஊருக்கே கேட்டது. என் குரல் அவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரியாது.

"நீங்க அமுத்துங்க."

"நானா?"

"வலிக்காதுன்னீங்களே. ரத்தம் இல்லைன்னீங்களே. கையும் சுத்தமாத்தான இருக்குது, அமுத்துங்க."

நிகிலேஷ் சிரித்தபடியே கையைக் கதர்ச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். நான் முதலாளியைப் பார்த்தேன். "எனக்கு இந்த எந்திரமெல்லாம் பழக்கமில்ல கண்ணு" என்று அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சப்-கலெக்டர் அம்மா பைலை எடுத்து மார்போடு இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். எந்திரக் கம்பெனிக்காரர் தான் விற்க மட்டும்தான் வந்ததாகச் சொன்னார். ஐயர் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், தட்டில் சூடம்கூட இல்லை. மேடையில் அத்தனை பேர் இருந்தும் ஒரு கைகூட வெளியே இல்லை.

"விடிஞ்சதுலருந்து கத்துது, யாராச்சும் ஒருத்தர் அமுத்துங்கப்பா, இல்லாட்டி எறக்கியாவது விடுங்கப்பா" என்று கூட்டத்திலிருந்து கறிக்கடை பாய் குரல் கொடுத்தார்.

முதலாளி என் பக்கம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "கோகிலா, புள்ளைய வெச்சுக்கிட்டு இருக்கற, யோசிச்சுக்க. இதுக்கு மேல உனக்கு இங்க வேலை கெடையாது" என்றார்.

"தெரியுமுங்க" என்றேன்.

பாப்பாவை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினேன். யாரும் எழுந்து போகவில்லை. முன்வரிசையில், பெரிய மனுஷர்களுக்கென்று வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலி ஒன்று காலியாக இருந்தது, அதில் போய் உட்கார்ந்து பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டேன். வேலையும் போய்விட்டது, எனக்கு நேரத்துக்குக் குறைச்சல் இல்லை. எந்தக் கை முதலில் வெளியே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.